சீஸ் ஸ்டிக் எண்ணெய்ல ஒழுகிப் போகுது, கூடு மட்டும் மிஞ்சுது

மத்தூர் அடுப்பு, 20 ஏப்ரல் 2024

200 கிராம் மொசரெல்லா கட்டிய விரல் நீளத்துக்கு வெட்டி, மைதா கரைசல்ல முக்கி, ரஸ்க் தூள்ல புரட்டி, அரை மணி நேரம் ஃப்ரீசர்ல வெச்சு, கடலை எண்ணெய்ல போட்டேன். 16 துண்டுல 9 ஒழுகிடுச்சு. வெளிய கருகல், உள்ள காலி. சீஸ் முழுக்க கடாய் அடியில ரப்பர் மாதிரி ஒட்டிக் கிடக்கு. பஜ்ஜி, போண்டா, முறுக்கு எதுவும் தப்பாத கை இது. மொறுமொறுன்னு வரட்டும்னு கரைசல்ல ஒரு சிட்டிகை சோடா உப்பும் போட்டேன். தப்பு சீஸ்லயா, எண்ணெய்லயா?

ஓசூர்க் குளிர், 20 ஏப்ரல்

நாலு தப்பு. சோடா, ரஸ்க், அரை மணி நேரம், ஒரே பூச்சு. கடலை எண்ணெய் செக்கா, ரீஃபைண்டா?

மத்தூர் அடுப்பு, 20 ஏப்ரல்

செக்கு.

ஓசூர்க் குளிர், 20 ஏப்ரல்

அஞ்சு தப்பு.

ஓசூர்க் குளிர், 21 ஏப்ரல்

நேத்து சுருக்கமா சொன்னது யாருக்கும் உதவாது, விரிச்சுச் சொல்றேன்.

மொசரெல்லா 55, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். எண்ணெய் 180ல இருக்கணும். ரொட்டித்தூள் கூடு இறுகறதுக்கு ஏறக்குறைய முக்கால் நிமிஷம் ஆகும். அந்த முக்கால் நிமிஷமும் உள்ள சீஸ் கல்லு மாதிரி கிடக்கணும். கணக்கு அவ்வளவுதான். மத்தூரார் செஞ்ச அஞ்சும் இந்தக் கணக்கைத்தான் கெடுத்திருக்கு.

சோடா: பஜ்ஜி மாவுல ஓட்டை விழுந்தா நல்லது, வாழைக்காய் வேகற ஆவி வெளிய போகும். இங்க ஓட்டை விழுந்தா அதே வழியா சீஸ் வரும். மாவுல காய்ச்சின எண்ணெய் ஊத்தற பழக்கமும் அப்படித்தான், வேணாம்.

ரஸ்க்: அதுல சர்க்கரை இருக்கு. அரை நிமிஷத்துல சிவந்துடும், கூடு இன்னும் இறுகியிருக்காது. சிவக்குதேன்னு தீயைக் குறைப்போம், எண்ணெய் ஆறும், நேரம் இழுக்கும், சீஸ் ஒழுகும்.

அரை மணி நேரம்: மேல்தோல் மட்டும்தான் உறைஞ்சிருக்கும். 12 மில்லிமீட்டர் கனத்துக்கே ரெண்டு மணி நேரம் வேணும். ராத்திரி முழுக்க இருந்தா இன்னும் நல்லது, மூடி போட்ட டப்பால.

ஒரே பூச்சு: நீள வாட்டத்துல நல்லா ஒட்டும். ரெண்டு முனையிலயும் நாலு விளிம்பிலயும் மெல்லிசா நிக்கும். ஒழுகின துண்டை எடுத்துப் பாருங்க, பெரும்பாலும் முனைதான் திறந்திருக்கும்.

செக்கு எண்ணெய்: 160 பக்கத்துலயே புகைய ஆரம்பிக்கும், நுரையும் கட்டும். 180க்குக் கொண்டு போக முடியாது. ரீஃபைண்ட் கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ எடுங்க, ரெண்டும் 220 தாண்டித்தான் புகையும்.

காவேரிப்பட்டணம் மாங்கொட்டை, 21 ஏப்ரல்

செக்கு எண்ணெயக் குறை சொன்னதுக்கு ஓசூர்க்காரரை ஊர்விலக்கு பண்ணணும். ஆனா சொல்றது நிஜம். செக்கு எண்ணெய் முறுக்குக்கும் தாளிப்புக்கும். இதுக்கு ஆகாது.

ஓசூர்க் குளிர், 21 ஏப்ரல்

அளவு, 200 கிராம் கட்டிக்கு:

1.25 சென்டிமீட்டர் சதுரம், 7 சென்டிமீட்டர் நீளம். 12 கிராம் வீதம் 16 துண்டு வரும். வெட்டினதும் சுத்தமான துணியில ஒத்தி ஈரத்தை எடுங்க. ஈரம் இருந்தா மாவு வழுக்கிடும்.

உலர் மைதா 30 கிராம். அதுல கால் ஸ்பூன் உப்பு, அரை ஸ்பூன் மிளகுத்தூள். காரம் வேணும்னா மிளகாய்த்தூளும் இதுலயே. வெளிப்பூச்சுல மிளகாய்த்தூள் போட்டா கருத்துடும். உலர் மைதால போட்டா கரைசலுக்கு அடியில மறைஞ்சு கருகாது.

கரைசல்: மைதா 40 கிராம், கார்ன்ஃப்ளார் 20 கிராம், தண்ணி 100 மில்லி. கரண்டியத் தூக்கினா பின்பக்கம் ஒரு படலம் நிக்கணும், விரலால கோடு போட்டா கோடு உடனே மூடக் கூடாது. பஜ்ஜி மாவு கெட்டி கிடையாது, ரவா தோசைக் கரைசல் தளர்வும் கிடையாது.

ரொட்டித்தூள் 150 கிராம்.

முறை: உலர் மைதா, கரைசல், தூள். 20 நிமிஷம் ஃப்ரீசர். திரும்பவும் கரைசல், தூள். ரெண்டாவது தடவை உலர் மைதா வேணாம். அப்புறம் பட்டர் பேப்பர் விரிச்ச தட்டுல ஒண்ணோட ஒண்ணு படாம அடுக்கி, குறைஞ்சது ரெண்டு மணி நேரம். தட்டுல நேரா வெச்சா அடிப்பூச்சு தட்டுலயே தங்கிடும். எடுக்கும்போது ஒரு பக்கம் மொட்டையா வந்து, அந்தப் பக்கமா ஒழுகும்.

ஒரு கை உலர்ந்ததுக்கு, ஒரு கை ஈரத்துக்கு. ரெண்டு கையும் ரெண்டுலயும் போச்சுன்னா பத்தாவது துண்டுல விரல்தான் தடிமனா பூச்சு வாங்கியிருக்கும்.

பென்னாகரம் புளி, 22 ஏப்ரல்

தம்பி, முட்டைய ஏன் விட்டுட்ட? சாப்பிடறவங்களுக்குக் கரைசல் வேணாம், ரெண்டு முட்டைய ஒரு மேசைக்கரண்டி தண்ணியோட அடிச்சா போதும். முட்டைப் புரதம் சூடு பட்டதும் இறுகும், கூடு சீக்கிரம் பிடிக்கும். முட்டையில ஒரே பூச்சு போட்டாக் கூட பாதி தேறும். கரைசல்ல ரெண்டு பூச்சு கட்டாயம்.

இன்னொண்ணு, ஃப்ரீசர்ல இருந்து எடுத்த எல்லாத்தையும் அடுப்புக்குப் பக்கத்துல பரப்பி வைக்காதீங்க. இது ஏப்ரல். தர்மபுரி சமையல்கட்டு சூட்டுல அஞ்சு நிமிஷத்துல பூச்சு மேல முத்து முத்தா வேர்க்கும். அந்த வேர்வை எண்ணெய்ல பட்டா தெறிக்கும், பூச்சும் உரிஞ்சுடும். நாலு நாலா எடுங்க, மிச்சம் உள்ளயே இருக்கட்டும்.

மத்தூர் அடுப்பு, 22 ஏப்ரல்

180னு எப்படித் தெரிஞ்சுக்கறது? முறுக்குக்கு ஒரு துளி மாவு போட்டுப் பார்ப்போம்.

ஓசூர்க் குளிர், 22 ஏப்ரல்

மாவுத்துளி வேணாம், ரொட்டித்தூளே ஒரு சிட்டிகை போடுங்க. அடியில போய் மெதுவா எழும்பினா 150 பக்கம். விழுந்த இடத்துலயே சலசலத்துப் பரவினா 175, 180. போட்ட உடனே காப்பி நிறம் ஆனா 200 தாண்டியாச்சு, தீயை அணைச்சுட்டு ஒரு நிமிஷம் நில்லுங்க.

குச்சி வெச்ச வெப்பமானி வாங்கிட்டா இந்த ஜோசியம் தேவையில்லை. முனை கடாய் அடியைத் தொடக் கூடாது, தொட்டா உலோகத்தோட சூட்டைக் காட்டும். துப்பாக்கி மாதிரி இருக்கறது எண்ணெயோட மேல்பரப்பை மட்டும்தான் பார்க்கும். இண்டக்ஷன் அடுப்புல எழுத்துல காட்டற 180 அடுப்புத் தகட்டுக்குக் கீழ இருக்கற உணர்வியோடது. எண்ணெய் அதுக்குக் கீழ இருக்கலாம், மேல இருக்கலாம், நம்பாதீங்க.

கடாய்ல பாதிக்கு மேல எண்ணெய் வேணாம். உறைஞ்சது விழுந்தா பொங்கும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு தடவைக்கு நாலு துண்டு. எட்டு போட்டா சூடு சடார்னு இறங்கும், திரும்ப ஏறறதுக்குள்ள சீஸ் முந்திக்கும்.

அரூர் மரவள்ளி, 22 ஏப்ரல்

ஓசூர் மேட்டு ஊர், அங்க எண்ணெய் சீக்கிரம் காயாதுன்னு சொல்லுவாங்களே?

ஓசூர்க் குளிர், 22 ஏப்ரல்

கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டர் பக்கம்ணா, இமயமலை இல்லை. இங்க தண்ணி 97 டிகிரில கொதிக்கும். எண்ணெய் எங்க காஞ்சாலும் 180னா 180தான். குளிர்காலத்துல துண்டு வெளிய கொஞ்சம் அதிக நேரம் தாங்கும். எங்களுக்கு இருக்கற ஒரே லாபம் அது.

மத்தூர் அடுப்பு, 28 ஏப்ரல்

ரெண்டாவது தடவை. சோடா இல்லை, ரீஃபைண்ட் எண்ணெய், ரெண்டு பூச்சு, ராத்திரி முழுக்க ஃப்ரீசர். ரஸ்குக்குப் பதிலா பாக்கெட் பிரெட்டைக் காய வெச்சு அரைச்சேன். 16ல 12 முழுசா வந்துது. ஒழுகின நாலும் கடைசி சட்டில போட்டது. முழுசா வந்ததுல மூணு நடுவுல கட்டியாவே இருந்துது, சீஸ் இளகவே இல்லை.

பென்னாகரம் புளி, 28 ஏப்ரல்

நடுவுல கட்டின்னா பத்து நிமிஷம் வெளிய வெச்சுப் போடணும்.

ஓசூர்க் குளிர், 28 ஏப்ரல்

பத்து நிமிஷமா, அக்கா? வேர்க்கும்னு நீங்கதான் போன வாரம் சொன்னீங்க.

பென்னாகரம் புளி, 29 ஏப்ரல்

சொன்னேன். ரெண்டும் சரி, கனத்தைச் சொல்லாம விட்டதுதான் என் தப்பு. 12 மில்லிமீட்டர் இருந்தா ஃப்ரீசர்ல இருந்து நேரா எண்ணெய்க்கு, 180ல 60 லேந்து 75 விநாடி. 2 சென்டிமீட்டர் கனத்துல வெட்டினா ஃப்ரீசர்ல இருந்து எடுத்து கீழ்த்தட்டு ஃப்ரிட்ஜ்ல 20 நிமிஷம் வெச்சுட்டு, 170ல ரெண்டு நிமிஷம் விடணும். ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்தா வேர்க்காது, வெளிய வைக்கறதுக்கும் இதுக்கும் அதான் வித்தியாசம். மத்தூர் தம்பி சில துண்டைக் கனமா வெட்டியிருக்கும். எல்லாம் ஒரே கனத்துல வெட்டு, அளவுகோல் வெச்சாலும் தப்பில்லை.

எடுத்த உடனே கடிக்கவும் வேணாம். வடிதட்டுல ஒரு நிமிஷம் கிடந்தா கூட்டுச் சூடு உள்ள இறங்கி நடுவும் இளகும். காகிதத்து மேல போட்டா அடிப்பக்கம் ஆவி கட்டி நமத்துடும். கம்பி வலைத்தட்டு நல்லது.

ஓசூர்க் குளிர், 29 ஏப்ரல்

கடைசி சட்டி ஏன் ஒழுகினது தெரியுமா? ஒவ்வொரு சட்டிக்கும் நடுவுல எண்ணெய் திரும்ப 180க்கு ஏற விட்டிருக்க மாட்டீங்க. அதோட மூணு சட்டிலயும் உதிர்ந்த தூள் அடியில கருகிக் கிடக்கும், எண்ணெய் கருத்துடும், நிறத்தைப் பார்த்து சீக்கிரம் எடுக்கவோ தீயைக் குறைக்கவோ தோணும். ஒவ்வொரு தடவையும் டீ வடிகட்டியால அடியைத் துழாவி எடுங்க.

இரும்பு வடிகட்டி. பிளாஸ்டிக் விளிம்பு வெச்சது இல்லை. இதை ஏன் தனியா சொல்றேன்னு கேக்காதீங்க.

காவேரிப்பட்டணம் மாங்கொட்டை, 29 ஏப்ரல்

கேட்டாச்சு. விளிம்பு எங்க?

ஓசூர்க் குளிர், 29 ஏப்ரல்

அடுத்த கேள்வி.

பாலக்கோடு தக்காளி, 3 மே

ரொட்டித்தூளுக்கு மாத்து என்னென்னன்னு பேசலாமா? பாக்கெட் பிரெட்லயும் சர்க்கரை இருக்கு. ரஸ்க் அளவுக்கு இல்லை, ஆனா மில்க் பிரெட்னு எழுதியிருக்கறது இனிக்கும், சீக்கிரம் சிவக்கும். சாதா சாண்ட்விச் பிரெட்டை ஓரம் நீக்காம நிழல்ல ரெண்டு நாள் காய வெச்சு, மிக்ஸில விட்டு விட்டு ஓட்டி, கொரகொரன்னு எடுத்தா நல்லா வருது. மாவா அரைச்சா பூச்சு சப்பையா கெட்டியா நிக்கும்.

மெல்லிசு அவல்: கையால நொறுக்கிப் புரட்டினா எண்ணெய்ல பூத்து வரும், சர்க்கரை கிடையாது, நிறம் வெளுப்பு. எனக்கு ரொட்டித்தூளை விட இதுதான் பிடிக்கும். கெட்டி அவல் வேணாம், பல்லுல கடிபடும்.

சேமியா: பார்க்க முள்ளெலி மாதிரி அழகா இருக்கும். மெல்லிசு சேமியாவை 1 சென்டிமீட்டருக்கும் கம்மியா உடைக்கணும். நீளமா விட்டா இடைவெளி விழும், அது வழியா ஒழுகும். அதனால சேமியா ரெண்டாவது பூச்சுக்கு மட்டும், முதல் பூச்சு ரொட்டித்தூள்.

அரூர் மரவள்ளி, 3 மே

ஜவ்வரிசி புரட்டலாமா? எங்க பக்கம் மரவள்ளி மலிவு, ஜவ்வரிசியும் அப்படியே.

பாலக்கோடு தக்காளி, 4 மே

வேணாம்ணா. உள்ள வரைக்கும் ஊறாத ஜவ்வரிசி எண்ணெய்ல பட்டாசு மாதிரி வெடிக்கும், முகத்துக்கு வரும். மரவள்ளி மாவு வேணும்னா கார்ன்ஃப்ளாருக்குப் பதிலா கரைசல்ல போடலாம், அதே 20 கிராம். கூடு கொஞ்சம் இழுவையா, கண்ணாடி மாதிரி வரும். அரிசி மாவு போட்டா மொறுமொறுப்பு அதிகம், ஆனா விரிசல் விடும், 10 கிராமுக்கு மேல வேணாம்.

மத்தூர் அடுப்பு, 4 மே

ராகி? களி ஊர்ல உக்காந்துக்கிட்டு மைதாலயே பண்றோமேன்னு வீட்ல பேச்சு.

பாலக்கோடு தக்காளி, 5 மே

முழுக்க ராகில பண்ணினா ரெண்டு சிக்கல். ராகில பசைப்புரதம் (குளூட்டன்) கிடையாது, சூடு பட்டதும் கூடு விரிசல் விடும். அடுத்தது, மாவே கருப்பு, சிவந்துதா கருகினதான்னு கண்ணால கண்டுபிடிக்க முடியாது, கடிகாரம் பார்த்துத்தான் எடுக்கணும். உலர் மைதா 30 கிராம் சொன்னாங்களே, அந்த இடத்துல முழுக்க ராகி மாவு போடுங்க. அது நல்லா ஈரத்தை இழுக்குது, வாசனையும் வருது. கரைசல்ல மைதா 40க்கு பதில் மைதா 30, ராகி 10. அதுக்கு மேல போக வேணாம். ராகி சேமியாவும் போட்டுப் பார்த்தேன், கனமா இருக்கறதால ஒண்ணே கால் நிமிஷத்துல மொறுகல, பல்லுக்குத்தான் வேலை.

அரூர் மரவள்ளி, 11 மே

சின்ன கடை கணக்குல ஒண்ணு கேக்கறேன். மொசரெல்லா விலை கட்டுப்படியாகல. பனீர்ல பண்ணினா ஒழுகாதில்ல?

ஓசூர்க் குளிர், 11 மே

ஒழுகாது. ஏன்னா இளகவே இளகாது. பனீர் கொதிக்கற பாலைப் புளிப்பு விட்டுத் திரிய வைக்கறது. அந்தச் சூட்டுலயும் புளிப்பிலயும் சுண்ணாம்புச் சத்து தண்ணியோட போயிடும், மோர்த்தண்ணிப் புரதமும் கேசீன்ங்கற பால் புரதத்தோட சேர்ந்து இறுகிடும். எவ்வளவு சூடு பண்ணினாலும் அப்படியே நிக்கும். பனீர் பக்கோடா அருமையான பண்டம், ஆனா இழுத்தா நூல் வராது. நூல் வரும்னு நினைச்சு வாங்கறவங்க ஏமாந்துடுவாங்க.

ப்ராசஸ்ட் சீஸ் க்யூப் மலிவு. அதுல சேர்க்கற உப்புகளால கொழுப்பு பிரியாம கூழ் மாதிரி இளகும், நூல் வராது, உப்பு தூக்கல். ஸ்லைஸ் இதுக்கு ஆகவே ஆகாது. க்யூபையும் மொசரெல்லாவையும் பாதிக்குப் பாதி கலந்து உருளைக்கிழங்கு உருண்டைக்கு உள்ள வைக்கலாம்.

மொசரெல்லா மாதிரியே இருந்து ரொம்ப மலிவா கிடைச்சா பின்னாடி பொருள் பட்டியலைப் பாருங்க. தாவரக் கொழுப்பு, பாம் ஆயில்னு இருந்தா அது பால் சீஸ் இல்லை. பொரிச்சா எண்ணெய் தனியா பிரிஞ்சு கூட்டுக்குள்ள தேங்கும், ஆறினதும் மெழுகு மாதிரி இருக்கும். துருவிக் கட்டின பாக்கெட்ல ஒட்டாம இருக்க மாவு தூவியிருப்பாங்க. உருண்டைக்குச் சரி, ஸ்டிக்குக்கு ஆகாது.

பென்னாகரம் புளி, 12 மே

அரூர் தம்பிக்கு உருளைக்கிழங்கு சீஸ் உருண்டைதான் கட்டுப்படியாகும். 12 கிராம் சீஸ் ஸ்டிக் ஒண்ணு போற இடத்துல 6 கிராம் சீஸ்ல 25 கிராம் உருண்டை வந்துடும்.

உருளை 250, ஸ்வீட் கார்ன் 100, துருவின சீஸ் 120 கிராம், கார்ன்ஃப்ளார் 3 மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் 2, உப்பு. 20 உருண்டை.

கிழங்கைத் தோலோட, வெட்டாம வேக வைக்கணும். உரிச்சதும் தட்டுல பரப்பி ஆவி போகட்டும். முழுக்க ஆறின பிறகுதான் சீஸ் சேர்க்கணும். சூட்டுல சேர்த்தா அப்பவே இளகி மாவு தளர்ந்துடும், அப்புறம் கார்ன்ஃப்ளாரைக் கொட்டிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்த கிழங்கு வேணாம். குளிர்ல கிழங்கு மாவு சர்க்கரையா மாறும், பொரிச்சா கருக்கும்.

ஸ்வீட் கார்ன்ல கவனம். முழு முத்தா போட்டா தோலுக்குள்ள ஆவி கட்டி வெடிக்கும், கூட்டையும் கிழிச்சுட்டுப் போகும். வேக வெச்சு, துணியில ஒத்தி, வெறும் வாணலில மூணு நிமிஷம் புரட்டி ஈரத்தைப் போக்கி, மிக்ஸில ரெண்டே சுத்து.

கையில உருட்டும்போது நல்லா அழுத்தி உருட்டு. உள்ள காத்து நின்னா அங்கதான் பிளக்கும். ஒரு பூச்சு போதும், அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ் போதும், 175ல ரெண்டரை, மூணு நிமிஷம். கிழங்கு சீஸைப் பிடிச்சு வெச்சுக்கும், அதனால ஸ்டிக் அளவுக்கு பயமில்லை.

காவேரிப்பட்டணம் மாங்கொட்டை, 12 மே

ஃப்ரீசரே இல்லாதவங்களுக்கு ஒரு வழி. சமோசா பட்டி, அதாவது சமோசா மடிக்கற மெல்லிசு மாவு நாடா. சீஸ் துண்டை நடுவுல வெச்சு ஓரம் ரெண்டையும் உள்ள மடிச்சு இறுக்கிச் சுருட்டி, மைதாப் பசை தடவி ஒட்டணும். ரெண்டு சுத்து வரணும். 170ல ரெண்டு நிமிஷம். வெனிசுவேலாக்காரங்க டெக்கேன்யோன்னு வெள்ளை சீஸ் மேல கோதுமை மாவு நாடாவைச் சுத்திப் பொரிக்கறாங்க, அதுவும் இதே யோசனை. மாவு தானே மூடிக்கும், தூள் பூச்சோட நம்பிக்கையில இல்லை.

அதே மாதிரி செக் நாட்டுல எடாம் சீஸை ஒரு சென்டிமீட்டர் கனப் பலகையா வெட்டி, மைதா, முட்டை, தூள்ல புரட்டிப் பொரிச்சு, உருளைக்கிழங்கும் டார்டார் சாஸும் வெச்சு மதியச் சாப்பாடாவே தின்றாங்க. நமக்கு அது பஜ்ஜி, அவங்களுக்கு அது சோறு.

பாலக்கோடு தக்காளி, 12 மே

பஜ்ஜின்னதும் ஞாபகம் வருது. பஜ்ஜி மிளகாய்க்குள்ள சீஸ் வைக்கறவங்க கீறலை உள்பக்கம் கடலை மாவு உலர்வா தூவி மூடணும். விதை எடுத்துட்டு 10 கிராமுக்கு மேல திணிக்காதீங்க, இளகினா இடம் வேணும். காம்பு பக்கம் ஒரு சென்டிமீட்டரும் நுனி பக்கம் ஒரு சென்டிமீட்டரும் கீறாம விடுங்க.

மத்தூர் அடுப்பு, 19 மே

இன்னிக்கு மாதாந்திர மின்தடை. காலைல 9 மணிக்குப் போனது சாயங்காலம்தான் வந்துது. பூச்சு போட்டு வெச்ச 16 துண்டும் உள்ள. திறக்கவே இல்லை. திரும்ப உறைய வெச்சா போதுமா?

ஓசூர்க் குளிர், 19 மே

ஃப்ரீசர் நிறைய சாமான் இருந்து கதவைத் திறக்காம இருந்திருந்தா கெட்டுப் போயிருக்காது. அழுத்திப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தா அப்படியே விடுங்க. விரல் பள்ளம் விழுந்தா பூச்சுக்குள்ள தண்ணி கோத்திருக்கும், திரும்ப உறைஞ்சா அது ஐஸாகி கூட்டுல கீறல் விடும். அதுக்கு மூணாவதா மெல்லிசா ஒரு கரைசல், ஒரு தூள் பூச்சு போட்டு உறைய வெச்சுடுங்க. கொழகொழன்னு ஆகி, அறைச் சூட்டுக்கே வந்திருந்தா சேர்த்து வைக்காதீங்க.

நாலஞ்சு தண்ணி பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி ஃப்ரீசர்லயே போட்டு வெச்சா மின்தடை நாள்ல அதுவே குளிரைப் பிடிச்சு வெச்சுக்கும்.

காவேரிப்பட்டணம் மாங்கொட்டை, 2 ஜூன்

சீஸைப் பத்தியே பேசறீங்க. தொட்டுக்க என்ன? மாம்பழ சீசன் போய்க்கிட்டு இருக்கு, பாட்டில் சாஸைத் தொடறது பாவம்.

பெங்களூரா காய், கிளிமூக்குன்னு சொல்லுவோமே, செங்காய் பதத்துல ஒண்ணு. 300 கிராம் இருக்கும். தோல் சீவி துருவி, வெல்லம் 60 கிராம், காய்ஞ்ச மிளகாய் 4 ஊற வெச்சு அரைச்சது, பூண்டு 4 பல், உப்பு. கால் டம்ளர் தண்ணில பத்து நிமிஷம் கொதிச்சா ஜாம் பதம் வரும். சீஸ் உப்புக்கு இந்தப் புளிப்பும் இனிப்பும் பிரமாதமா ஒத்துப் போகும். முழுக்கப் பழுத்த அல்போன்சாவுல பண்ணினா தித்திப்புதான், எடுபடாது.

பாலக்கோடு தக்காளி, 2 ஜூன்

ராயக்கோட்டை மண்டில தக்காளி மலிஞ்ச நாள்ல ஒரு கிலோ எடுத்து, கொதி தண்ணில போட்டு தோல் உரிச்சு, பூண்டு 8 பல், மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன் சேர்த்து பாதியா சுண்டற வரைக்கும். எண்ணெய் வேணாம், பொரிச்சதோட எண்ணெயே போதும். தண்ணியா வெச்சா கூட்டை நமத்து விட்டுடும், கெட்டியா இருக்கணும்.

பென்னாகரம் புளி, 2 ஜூன்

எங்க ஊர்ப் புளியை யாரும் பேசலையா? சரி, தொட்டுக்கறதுக்குத் தனி இழை போடறேன்.

அரூர் மரவள்ளி, 4 ஜூன்

பொரிச்ச எண்ணெய என்ன பண்ணறது? ஒரு லிட்டர் காசு.

ஓசூர்க் குளிர், 4 ஜூன்

ஒழுகாத நாள்ல ஆறினதும் மெல்லிய துணியில வடிகட்டி, இருட்டுல வெச்சு இன்னும் ஒரு தடவை, மிஞ்சினா ரெண்டு தடவை பயன்படுத்தலாம். ஒழுகின நாள்ல அந்தச் சலுகை கிடையாது. சீஸ்ல இருக்கற பால் புரதமும் தண்ணியும் எண்ணெய்ல கலந்தாச்சு, அடுத்த தடவை நுரைக்கும், புகையும். நிறம் கருத்து, ஊத்தும்போது பிசுக்கா இழுத்தா அதோட விட்டுடுங்க.

கடைக்காரர்னா சட்டமும் இருக்குண்ணா. பொரிச்ச எண்ணெய்ல துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சறதுல எண்ணெய் சிதைஞ்சு உண்டாகறது) 25 சதவீதம் தாண்டக் கூடாதுன்னு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யோட விதி, 2018 ஜூலை 1 லேந்து இருக்கு. சாக்கடையில ஊத்தாதீங்க, குழாய்ல கட்டி பிடிக்கும்.

பாலக்கோடு தக்காளி, 5 ஜூன்

ஏர் ஃப்ரையர்னு யாராவது கேக்கறதுக்கு முன்னாடி: ரொட்டித்தூளை ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு வாணலில பொன்னிறமா வறுத்து ஆற வெச்சுப் புரட்டுங்க. 200ல 5 நிமிஷம், ஆறு ஆனா ஒழுகும். வெள்ளைத் தூள்ல பண்ணினா நிறம் வர்றதுக்குள்ள சீஸ் போயிடும்.

ஓசூர்க் குளிர், 8 ஜூன்

ஏப்ரல் 21ல நான் எழுதின கரைசல் அளவுல ஒரு திருத்தம். 100 மில்லி தண்ணி பாக்கெட் மைதாவுக்கு. மில்லுல அரைச்ச மைதா, பழைய மைதா தண்ணி இழுக்கறது மாறும். 80 மில்லில ஆரம்பிச்சு, விரல் கோடு பார்த்துக்கிட்டே விடுங்க. அளவை விடக் கோடுதான் முக்கியம்.

மத்தூர் அடுப்பு, 9 ஜூன்

மூணாவது தடவை. எல்லாம் 12 மில்லிமீட்டர், ராகி உலர் பூச்சு, மேல அவல், நாலு நாலா, நடுவுல எண்ணெய ஏற விட்டு, 70 விநாடி. 16ல 15. போன ஒண்ணு ஜல்லிக் கரண்டி விளிம்புல குத்திக்கிச்சு.

பென்னாகரம் புளி, 9 ஜூன்

முதல் அரை நிமிஷம் கரண்டியே போடக் கூடாது தம்பி. கூடு இறுகினப்புறம் திருப்பு, அதுவும் ஒரே தடவை.

காவேரிப்பட்டணம் மாங்கொட்டை, 9 ஜூன்

அந்த ஒண்ணுல இருந்து ஒழுகின சீஸ்?

மத்தூர் அடுப்பு, 9 ஜூன்

இந்தத் தடவை எண்ணெய் 180ல இருந்ததால ரப்பர் ஆகல, வலை மாதிரி விரிஞ்சு அப்பளம் போல மொறுகிடுச்சு. உடனே வடிகட்டில அள்ளிட்டேன். பதினஞ்சுக்கும் சண்டை இல்லை, அதுக்குத்தான் சண்டை.

ஓசூர்க் குளிர், 9 ஜூன்

இரும்பு வடிகட்டிதானே?